ஏழாம் நிலை

இருபது கட்டம் குறுக்கே,
பதினெட்டு நெடுக்கே.
உள்ளங்கையில் அடங்கும் திரைக்கு
அவ்வளவுதான் உலகம்.
நிறம் நாலு: கறுப்பு, அடர்சாம்பல், வெளிர்சாம்பல்,
பிறகு நிறமே இல்லாத ஒன்று.

நாயகன் குரங்கு.
சாட்ஸ்வர்த்தில் வேறு யாரை நாயகனாக்க?
சமையலறை ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு
முழு ரொட்டியை உருவிக்கொண்டு போனானே,
கூரைமேல் நின்று திரும்பிப் பார்த்து
வெண்ணெய் எங்கே என்பதுபோல் ஒரு முழி முழித்தானே,
அவன்தான்.
எட்டுப் புள்ளி அகலத்தில்
வாலுக்கே மூன்று போய்விட்டது.
மிஞ்சிய இடத்தில் அந்த முழியை மட்டும் வைத்தேன்.

மூன்று கட்டம் தாவுவான். நாலு தாவமாட்டான்.
லுங்கெலோ எழுதிய சட்டம் அது.
நிரல் அவனுடையது, நிலைகள் என்னுடையவை.
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்தான்
என் பிழைப்பு மொத்தமும்:
முடியாது என்று தோன்ற வேண்டும்,
முடியவும் வேண்டும்.

முதல் நிலையில் ஒரே ஒரு பள்ளம்.
தாவு என்று எழுதிக் காட்டக் கூடாது,
பள்ளமே சொல்லிக்கொள்ளும்.
இரண்டில் பெட்டி. மூன்றில் பெட்டியும் நாயும்.
நான்கில் மின்வெட்டு:
பத்து நொடி வெளிச்சம், பத்து நொடி இருட்டு,
படிகளை மனசில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும்.
அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.
கரண்ட் போன ராத்திரி வாசலுக்கு இறங்கியபோது
கால் தானாக எண்ணியது, பதினொன்று.

ஒரு பொய்யும் உண்டு.
விளிம்பு தாண்டி, கால் காற்றுக்குப் போன பிறகும்
ஒரு கண்சிமிட்டு நேரம் தாவ விடுவோம்.
ஆடுகிறவர் தான் சரியாகத் தாவியதாக நம்புவார்.
அந்தச் சலுகை இல்லாவிட்டால்
எல்லாரும் விழுந்துகொண்டே இருப்பார்கள்.

ஏழுதான் இடறியது.
நாற்பது தடவை ஆடினேன், நாற்பதும் ஜெயித்தேன்.
விடை தெரிந்தவளுக்குப் புதிர் ஏது?
வகுப்பில் ரோவீன் பில்லே வாங்கிப் பார்த்துவிட்டு
மூன்றாம் நிமிஷம் கருவியைக் கவிழ்த்து வைத்து
பன்னி சௌ வாங்கப் போய்விட்டான்.

சனிக்கிழமை லுங்கெலோ வீடு, உம்லாசி.
எங்கள் கொல்லையில் நின்றால் அவர்கள் மேடு தெரியும்,
கொடியில் காயும் துணிகூடத் தெரியும்.
போவதற்கு, டவுனுக்கு ஒரு டாக்சி வேன்,
டவுனிலிருந்து இன்னொன்று.
ஒன்றே முக்கால் மணி நேரம்.
இந்த ஜனமும் அந்த ஜனமும் தொட்டுக்கொள்ளாதபடி
ஒரு காலத்தில் விட்டுவைத்த பள்ளத்தாக்கு நடுவில்.
யாரோ ஒருவர், எனக்கு முன்னால்,
கட்டம் போட்ட தாளில், ரூலர் வைத்து,
சரியாக நாலு கட்டம் பார்த்து
வரைந்திருக்கிறார்.

அவன் தங்கை நொமஸ்வாசி, ஒன்பது வயது,
கருவியைப் பிடுங்கினாள்.
பெட்டியைத் தள்ளவில்லை. நாயை ஏய்க்கவில்லை.
வலது ஓரச் சுவரில் போய் முட்டினாள், முட்டினாள்,
கீழம்பையும் தாவலையும் ஒன்றாக அமுக்கி முட்டினாள்.
குரங்கு சுவருக்குள் போய்விட்டான்.
வெறும் கறுப்பு.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்: எங்கே போனான்?

லுங்கெலோ தலையில் கைவைத்தான்.
ஒரு புள்ளிக் கணக்குதான், ஐந்து நிமிஷத்தில் அடைத்துவிடலாம்,
திங்கட்கிழமை ஒப்படைக்கணும், பிழைக்கு மார்க் குறைப்பார்கள்.
அவனுக்கு எப்படிச் சொல்ல,
என் மொழியில் பிழை என்றால் தப்பு,
பிழை என்றால்
சாகாமல் இரு என்றும்தான்.
ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், உப்பில்லாமல் இருந்தது.
அடைக்காதே என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும் வேனில் மடிமேல் கட்டத்தாள்.
சுவருக்கு அந்தப் பக்கம் நான் எதுவுமே வரையவில்லை,
ஆள் வருவான் என்று எண்ணியிருந்தால்தானே.
ரொட்டி வைக்கலாமா என்று லுங்கெலோ செய்தி அனுப்புகிறான்.
பொறு.
வேன் குலுங்குகிறது, கோடு கோணுகிறது.
முதலில் ஒரே ஒரு கட்டம்,
அவன் கால் வைக்க.